டாப் ஸ்டேஷன்

டாப் ஸ்டேஷன் என்பது தமிழ்நாட்டின் தேனி மாவட்டத்தில், போடிநாயக்கனூருக்கு வடமேற்கே மேற்குத் தொடர்ச்சி மலையின் செங்குத்தான விளிம்பில் அமைந்துள்ள ஒரு சிற்றூர் ஆகும். இது கொட்டகுடி ஊராட்சியைச் சேர்ந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், மூணாற்றுத் தேயிலையை மலையிலிருந்து சமவெளிக்கு இறக்கிய கம்பிவடப் பாதையின் மேல்நிலையமாக இவ்விடம் விளங்கியது. மூணாற்றிலிருந்து இங்கு வந்த சிறிய இரயில் பாதையின் கடைசி நிலையமும் இதுவே. அந்த இரயிலும் கம்பிவடமும் இன்று இல்லை. பெயர் மட்டும் நிலைத்துவிட்டது.

இவ்வூர் தமிழ்நாட்டுக்கு உரியது. எனினும் பேருந்தோ மகிழுந்தோ இங்கு வந்துசேரக் கேரளத்தின் மூணாறு வழியாகவே வர வேண்டும். வட்டத் தலைநகரான போடிநாயக்கனூர் நேர்கோட்டில் ஏறத்தாழ 17 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. சாலை வழியே சென்றால் அத்தொலைவு ஏறத்தாழ 100 கிலோமீட்டர் ஆகிறது. இந்த வேறுபாட்டுக்குக் காரணம் ஊரின் கிழக்கே கீழிறங்கும் மலைச்சரிவு ஆகும். அச்சரிவை மனிதர் எவ்வாறு கடந்தனர் என்பதே டாப் ஸ்டேஷனின் வரலாறு எனலாம்.

பெயர்

கம்பிவடப் பாதையின் உச்சியில் இருந்த நிலையம் "டாப் ஸ்டேஷன்" என்றும், கொட்டகுடியில் அடிவாரத்தில் இருந்த நிலையம் "பாட்டம் ஸ்டேஷன்" என்றும் ஆங்கிலேயத் தோட்டக்காரர்களால் அழைக்கப்பட்டன. இவ்விரண்டுக்கும் நடுவே மலைச்சரிவில் உள்ள குடியிருப்பு "சென்ட்ரல் ஸ்டேஷன்" எனப்படுகிறது. இப்பெயர்களைக் கேட்டு இங்கு இரயில் நிலையங்களைத் தேடும் பயணிகளும் உண்டு. இன்று டாப் ஸ்டேஷன், சென்ட்ரல் ஸ்டேஷன் ஆகிய இரண்டும் ஊர்ப் பெயர்களாகவே வழங்குகின்றன.

அமைவிடமும் நிலவமைப்பும்

டாப் ஸ்டேஷன் மூணாற்றிலிருந்து கிழக்கே 32 கிலோமீட்டர் தொலைவில், மூணாறு - வட்டவடை சாலையில் உள்ளது. கடல் மட்டத்திலிருந்து இதன் உயரம் இடத்துக்கு இடம் 1,700 முதல் 1,900 மீட்டர் வரை எனலாம். மூணாற்றிலிருந்து வரும் சாலை மாட்டுப்பட்டி, குண்டளை, எல்லப்பட்டி ஆகிய இடங்களைக் கடந்து இங்கு தமிழக எல்லைக்குள் நுழைகிறது. சிறிது தொலைவு சென்றதும் அது மீண்டும் கேரளத்துக்குள் புகுந்து வட்டவடைக்குச் செல்கிறது.

இவ்விடம் ஒரு நீர்பிரி மேடு ஆகும். மேற்குச் சரிவில் விழும் மழைநீர் குண்டளைப் பள்ளத்தாக்கு வழியே மூணாற்றை அடைந்து, முதிரப்புழை, பெரியாறு ஆகியவற்றின் மூலம் அரபிக்கடலில் கலக்கிறது. கிழக்குச் சரிவில் விழும் நீர் கொட்டகுடி ஆறாகப் போடிநாயக்கனூர்ப் பகுதியில் பாய்ந்து வைகையில் சேர்கிறது. மேட்டின் ஒரு புறம் விழும் துளி மேற்குக் கடலை நோக்கியும் மறுபுறம் விழும் துளி கிழக்குக் கடலை நோக்கியும் செல்கின்றன.

இரு புறங்களின் நிலத்தோற்றமும் மிகவும் வேறுபட்டது. மேற்கே நிலம் மெதுவாகச் சரிந்து தேயிலைத் தோட்டங்களாகவும் நீர்த்தேக்கங்களாகவும் விரிகிறது. கிழக்கே தரை திடீரென முடிந்து, ஏறத்தாழ 5 கிலோமீட்டர் தொலைவுக்குள் ஆயிரம் மீட்டருக்கும் மேல் கீழே இறங்குகிறது. போடிநாயக்கனூர் நகரம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 350 மீட்டர் உயரத்தில் உள்ளது. மேகம் இல்லாத நாளில் டாப் ஸ்டேஷனிலிருந்து பார்த்தால் குரங்கணி, கொட்டகுடிப் பள்ளத்தாக்கும் அதற்கு அப்பால் தேனிச் சமவெளியும் தெரியும்.

தென்மேற்குப் பருவமழை மேற்குச் சரிவில் மிகுதியாகப் பெய்கிறது. மலையைக் கடக்கும் முன்பே மேகங்கள் பெரும்பகுதி நீரை இழந்துவிடுவதால் கிழக்குச் சரிவு மழை மறைவுப் பகுதியாக உள்ளது. ஆகவே மேற்கே ஆண்டு முழுதும் பசுமை காணப்படும்போது, கிழக்கே தை, மாசி மாதங்களிலேயே புல் காய்ந்து விடுகிறது. இவ்வேறுபாடு இம்மலையில் நடந்த ஒரு பெரிய விபத்தைப் புரிந்துகொள்ளவும் தேவைப்படுகிறது.

வரலாறு

தோட்டங்களின் தொடக்கம்

மூணாற்றைச் சூழ்ந்துள்ள மலைப்பகுதி கண்ணன் தேவன் மலை என அழைக்கப்படுகிறது. இது திருவிதாங்கூர் அரசின் ஆட்சிக்கு உட்பட்டிருந்தது. 1877 ஆம் ஆண்டு ஜான் டேனியல் மன்றோ என்ற ஆங்கிலேயர் பூஞ்ஞாறு அரசரிடமிருந்து இம்மலையைக் குத்தகைக்குப் பெற்றார். 1879 இல் வட திருவிதாங்கூர் நிலத் தோட்ட வேளாண்மைச் சங்கம் தொடங்கப்பட்டது. முதலில் காப்பி, சிங்கோனா, ஏலக்காய் போன்ற பல பயிர்கள் முயன்று பார்க்கப்பட்டன. பின்னர் தேயிலையே இம்மண்ணுக்கும் குளிருக்கும் ஏற்றது எனக் கண்டறியப்பட்டது. 1897 இல் கண்ணன் தேவன் மலை விளைபொருள் நிறுவனம் உருவானது. அதன் பிறகு தேயிலைப் பயிர் பெருமளவில் விரிவடைந்தது.

தேயிலை உற்பத்தி பெருகியதும், அதை எவ்வழியே வெளியே கொண்டு செல்வது என்ற சிக்கல் எழுந்தது. மேற்கே கொச்சித் துறைமுகம் இருந்தாலும் இடையே அடர்ந்த காடுகளும் பெரிய ஆறுகளும் இருந்தன. கிழக்கே மலை செங்குத்தாக இருந்தாலும், இறங்கிவிட்டால் மாட்டுவண்டி ஓடும் சமவெளி உடனே வந்துவிடும். தோட்டத் தொழிலாளர்கள், அரிசி, பிற உணவுப் பொருள்கள் ஆகியவையும் பெரும்பாலும் கிழக்கிலிருந்தே வந்தன. எனவே தோட்டங்களின் வாசல் போடிநாயக்கனூர்ப் பக்கமாக அமைந்தது. தொடக்கத்தில் சுமைகள் ஆட்களின் தலையிலும் பொதிமாடுகளின் முதுகிலும் இந்த மலைப்பாதையில் ஏறி இறங்கின.

ஒற்றைத் தண்டவாளம்

1902 ஆம் ஆண்டு மூணாற்றுக்கும் டாப் ஸ்டேஷனுக்கும் இடையே ஒற்றைத் தண்டவாளப் பாதை ஒன்று அமைக்கப்பட்டது. இது எவிங் முறை எனப்படும் அமைப்பைச் சார்ந்தது. இம்முறையில் வண்டியின் எடை பெரும்பாலும் தரையில் பதித்த ஒரே தண்டவாளத்தின் மீது ஓடும் சிறு சக்கரங்களில் தங்குகிறது. பக்கவாட்டில் உள்ள ஒரு பெரிய சக்கரம் சாலையின் மீது உருண்டு வண்டி சாய்ந்துவிடாமல் பார்த்துக்கொள்கிறது. இரும்பின் மேல் உருளும் சக்கரத்துக்கு உராய்வு குறைவு. எனவே மண்சாலையில் இழுப்பதைவிடப் பல மடங்கு சுமையை அதே மாடுகளால் இழுக்க முடியும். இவ்வண்டிகளை இழுத்தவை மாடுகளே ஆகும்.

இதே எவிங் முறையில் பஞ்சாபின் பட்டியாலா சமஸ்தானத்திலும் 1907 முதல் ஒரு பாதை இயங்கியது. அதன் எஞ்சின் ஒன்று புது தில்லியில் உள்ள தேசிய இரயில் அருங்காட்சியகத்தில் பாதுகாக்கப்படுகிறது. மூணாற்று அமைப்பு எவ்வாறு இருந்திருக்கும் என்பதை அறிய விரும்பும் மாணவர்கள் அதைப் பார்க்கலாம்.

குண்டளைப் பள்ளத்தாக்கு இரயில் பாதை

1908 ஆம் ஆண்டு ஒற்றைத் தண்டவாளம் அகற்றப்பட்டு, இரண்டடி அகலமுள்ள, அதாவது 610 மில்லிமீட்டர் அகலக் குறுகிய இரயில் பாதை அமைக்கப்பட்டது. இது குண்டளைப் பள்ளத்தாக்கு இரயில் பாதை என அறியப்படுகிறது. மூணாறு, மாட்டுப்பட்டி, பாலாறு, டாப் ஸ்டேஷன் ஆகியவை இதன் நிலையங்களாகும். நீலகிரி மலை இரயிலும் டார்ஜிலிங் இரயிலும் சமவெளியிலிருந்து மலைக்கு ஏறுபவை. குண்டளைப் பாதையோ மலைக்கு மேலேயே தொடங்கி மலைக்கு மேலேயே முடிந்தது. சமவெளியில் இருந்த எந்த இரயில் பாதையுடனும் இதற்கு இணைப்பு இருக்கவில்லை.

கம்பிவடப் பாதை

இரயில் டாப் ஸ்டேஷனில் நின்றதும் தேயிலைப் பெட்டிகள் கம்பிவடப் பாதைக்கு மாற்றப்பட்டன. ரோப்வே எனப்படும் இவ்வகைப் பாதையில் தூண்களுக்கு இடையே கட்டப்பட்ட இரும்பு வடத்தில் தொங்கியபடி சுமைகள் நகரும். இத்தகைய பாதைகளில் பொதுவாகக் கீழிறங்கும் சுமையின் எடை, மேலேறும் சுமையை இழுக்க உதவுவதால் செலவிடும் ஆற்றல் குறையும். சாலையைப் போல் வளைந்து வளைந்து செல்ல வேண்டியதில்லை என்பதால் தொலைவும் சுருங்கும்.

டாப் ஸ்டேஷனிலிருந்து தெற்கே கொட்டகுடி வரை ஏறத்தாழ 5 கிலோமீட்டர் தொலைவுக்கு இப்பாதை இருந்தது. கொட்டகுடியில் இறங்கிய தேயிலை, 15 கிலோமீட்டர் தொலைவில் உள்ள போடிநாயக்கனூருக்கு மாட்டுவண்டிகளில் சென்றது. அங்கிருந்து துறைமுகத்துக்கும், பின்னர் கப்பல் மூலம் இங்கிலாந்துக்கும் சென்றது. ஒரு தேயிலைப் பெட்டி தோட்டத்திலிருந்து புறப்பட்டு மலை இரயில், கம்பிவடம், மாட்டுவண்டி, சமவெளி இரயில், கப்பல் என ஐந்து வகை ஊர்திகளில் பயணம் செய்தது.

மலை விளிம்பு ஊர்களைக் கம்பிவடத்தால் கீழ்நிலத்துடன் இணைப்பது உலகின் பிற இடங்களிலும் உள்ள வழக்கமே. கிரேக்க நாட்டின் சந்தோரினித் தீவில், கடலை நோக்கிய பாறை முகட்டில் உள்ள பிரா நகரத்திலிருந்து கீழேயுள்ள பழைய துறைமுகத்துக்கு ஒரு கம்பிவட ஊர்தி உள்ளது. அதனருகே கழுதைகள் ஏறி இறங்கும் பழைய படிப்பாதையும் உண்டு. டாப் ஸ்டேஷனில் நிலைமை மாறியுள்ளது. இங்கு கம்பிவடம் மறைந்துவிட, நடைபாதையே எஞ்சியுள்ளது. மேலும் இங்கிருந்த கம்பிவடம் தேயிலைக்காகவும் தோட்டத்துக்குத் தேவையான பொருள்களுக்காகவும் கட்டப்பட்டது. ஊர் மக்களின் போக்குவரத்து அதன் நோக்கமாக இருக்கவில்லை.

1924 வெள்ளம்

1924 ஆம் ஆண்டு சூலை மாதத்தில் கேரளப் பகுதி முழுவதும் பெருமழை பெய்து பெருவெள்ளம் ஏற்பட்டது. கொல்லம் ஆண்டு 1099 இல் நிகழ்ந்ததால் இது கேரளத்தில் "தொண்ணூற்றொன்பதாம் ஆண்டு வெள்ளம்" எனக் கூறப்படுகிறது. மூணாறு நகரம் பெரும் அழிவுக்கு உள்ளானது. நிலச்சரிவுகளாலும் வெள்ளத்தாலும் குண்டளைப் பள்ளத்தாக்கு இரயில் பாதை சிதைந்தது. அது மீண்டும் அமைக்கப்படவில்லை.

அதே வெள்ளத்தில், மாங்குளம் வழியாக ஆலுவாவுக்குச் சென்ற பழைய சாலையும் அழிந்தது. பின்னர் நேரியமங்கலம் வழியாகப் புதிய சாலை அமைக்கப்பட்டது. பெரியாற்றின் குறுக்கே நேரியமங்கலம் பாலம் 1935 இல் திறக்கப்பட்டதும், மூணாற்றிலிருந்து கொச்சிக்கு மேற்குவழி உறுதிப்பட்டது. கிழக்கே போடிமெட்டு வழியாகவும் மோட்டார் சாலை ஏற்பட்டது. லாரிகள் வந்த பிறகு, ஒவ்வோர் இடத்திலும் சுமையை இறக்கி ஏற்றும் தேவை இல்லாமல் போனது. இவ்வாறு டாப் ஸ்டேஷன் வணிக வழியிலிருந்து விலகியது.

போடிநாயக்கனூருக்கு இரயில்

மதுரையிலிருந்து போடிநாயக்கனூருக்கு மீட்டர் பாதை இரயில் 1928 நவம்பரில் தொடங்கியது. மலை மேல் இருந்த இரயில் அழிந்து நான்கு ஆண்டுகளுக்குப் பிறகே கீழே போடிக்கு இரயில் வந்தது என்பது குறிப்பிடத்தக்கது. மேலே இரயில் ஓடிய காலத்தில் போடியில் இரயில் இல்லை. போடிக்கு இரயில் வந்தபோது மேலே இரயில் இல்லை. எனவே அக்காலத்துத் தேயிலை, போடியைத் தாண்டியும் சமவெளி இரயில் நிலையம் வரை மாட்டுவண்டியிலேயே சென்றது.

போடி இரயில் பாதையும் தடையின்றி இயங்கவில்லை. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் இதன் தண்டவாளங்கள் அகற்றப்பட்டு, 1950களில் மீண்டும் போடப்பட்டன. அகலப் பாதையாக மாற்றுவதற்காக 2010 இறுதியுடன் இரயில் சேவை நிறுத்தப்பட்டது. 2022 மே மாதத்தில் தேனி வரையும், 2023 சூன் மாதத்தில் போடிநாயக்கனூர் வரையும் அகலப் பாதையில் பயணிகள் இரயில் ஓடத் தொடங்கியது.

மாநில எல்லை

ஆங்கிலேயர் ஆட்சியில் இந்த மலை விளிம்பு, திருவிதாங்கூர் சமஸ்தானத்துக்கும் சென்னை மாகாணத்துக்கும் இடையிலான எல்லையாக இருந்தது. 1956 இல் மொழிவாரி மாநிலங்கள் அமைக்கப்பட்டபோது, தமிழர்கள் மிகுதியாக வாழ்ந்த தேவிகுளம், பீர்மேடு வட்டங்களைத் தமிழகத்துடன் சேர்க்க வேண்டும் எனத் திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் போராடியது. எனினும் அவ்வட்டங்கள் கேரளத்தில் சேர்ந்தன. டாப் ஸ்டேஷன் சென்னை மாநிலத்தில் நீடித்தது. மதுரை மாவட்டத்தின் பகுதியாக இருந்த இது, 1997 இல் தேனி மாவட்டம் உருவானபோது அம்மாவட்டத்தின் கீழ் வந்தது.

இதன் விளைவாக, ஊர் ஒரு மாநிலத்திலும் அதற்கான சாலை வேறொரு மாநிலத்திலும் அமைந்துவிட்டன. இதே நிலை இம்மலைத்தொடரில் தெற்கே உள்ள கொழுக்குமலைக்கும் உண்டு. கொழுக்குமலைத் தேயிலைத் தோட்டமும் தேனி மாவட்டத்தைச் சேர்ந்ததே. ஆனால் அதற்கான வண்டிப்பாதை கேரளத்தின் சூரியநெல்லி வழியாகவே செல்கிறது.

எஸ்கேப் ரோடு

மூணாற்றிலிருந்து டாப் ஸ்டேஷன் வழியாகக் கொடைக்கானலுக்கு ஒரு பழைய மலைச்சாலை உள்ளது. இதன் நீளம் 81 கிலோமீட்டர். இரண்டாம் உலகப் போரின்போது, சப்பானியப் படைகள் தென்னிந்தியக் கடற்கரையில் இறங்கினால் ஆங்கிலேயர்களைக் கொச்சிக்கு வெளியேற்றும் பொருட்டு இச்சாலை மேம்படுத்தப்பட்டதாகக் கூறப்படுகிறது. எனவே இது எஸ்கேப் ரோடு, அதாவது தப்பிக்கும் சாலை எனப் பெயர் பெற்றது. வந்தரவு மலைக்கு அருகே இச்சாலை 2,400 மீட்டருக்கும் மேலான உயரத்தை அடைகிறது. தென்னிந்தியாவின் மிக உயரமான சாலைகளுள் இதுவும் ஒன்றாகும்.

இச்சாலை 1990 இல் பொதுப் போக்குவரத்துக்கு மூடப்பட்டது. இப்போது இதன் பெரும்பகுதி பாதுகாக்கப்பட்ட காட்டுக்குள் உள்ளது. பழைய வரைபடங்களைப் பார்த்து, டாப் ஸ்டேஷனிலிருந்து கொடைக்கானலுக்குக் குறுக்குவழியில் சென்றுவிடலாம் என்று எண்ணுபவர்கள் ஏமாற்றம் அடைவர்.

மக்கள்

டாப் ஸ்டேஷனிலும் சுற்றுப்புறங்களிலும் தமிழ் பேசும் மக்களே மிகுதி. தேயிலைத் தோட்டங்களில் வேலை செய்யும் குடும்பங்களின் முன்னோர் பலர் தமிழகத்தின் தென் மாவட்டங்களிலிருந்து வந்தவர்கள் ஆவர். மலைச்சரிவுகளில் முதுவர் பழங்குடியினர் வாழ்கின்றனர். தங்கள் முன்னோர் மதுரையிலிருந்து முதுகில் குழந்தைகளையும் உடைமைகளையும் சுமந்து மலையேறினர் என்பது முதுவர்களின் மரபுவழிச் செய்தியாகும். முதுவர் குடிகள் எல்லையின் இரு புறமும் உள்ளன. அவர்களின் உறவுமுறையும் நடைபாதைகளும் மாநில எல்லைக்கு முந்தியவை.

இவ்வூரார் போடிநாயக்கனூர் சட்டமன்றத் தொகுதியைச் சேர்ந்தவர்கள். வட்டாட்சியர் அலுவலகமும் போடியிலேயே உள்ளது. ஒரு சான்றிதழ் பெறுவதற்கு இங்கிருந்து ஒருவர் போடிக்கு வண்டியில் செல்வதானால், மூணாறு, தேவிகுளம், பூப்பாறை, போடிமெட்டு எனக் கேரளத்தைச் சுற்றிக்கொண்டே தமிழகத்துக்குள் இறங்க வேண்டும். இல்லையேல் சென்ட்ரல் ஸ்டேஷன் வழியாகக் குரங்கணிக்கு நடந்து இறங்கி, அங்கிருந்து போடிக்கு வண்டி ஏற வேண்டும். சரிவில் உள்ள சிற்றூர்களுக்குச் சாமான்கள் தலைச்சுமையாகவும் விலங்குகளின் முதுகிலும் செல்கின்றன. நோயாளிகளையும் கருவுற்ற பெண்களையும் தூக்கிச் செல்லும்போதே இத்தொலைவின் கடுமை முழுதும் விளங்கும்.

குரங்கணியிலிருந்து டாப் ஸ்டேஷனுக்குச் சாலை வேண்டும் என்பது போடிப் பகுதி மக்களின் நெடுநாள் கோரிக்கை ஆகும். சாலை அமைந்தால் தொலைவு மூன்றில் ஒரு பங்கிற்கும் கீழே குறையும். எனினும் அது பாதுகாக்கப்பட்ட காட்டையும் செங்குத்தான சரிவையும் வெட்டிச் செல்ல வேண்டியிருக்கும். காட்டுயிர்களுக்கும் நிலத்தின் உறுதிக்கும் ஏற்படக்கூடிய தீங்கு இக்கோரிக்கைக்கு எதிராகச் சுட்டிக்காட்டப்படுகிறது.

இயற்கை

டாப் ஸ்டேஷனைச் சுற்றியுள்ள உயர்ந்த மலைகளில் புல்வெளிகளும், அவற்றின் மடிப்புகளில் சோலைக்காடுகளும் காணப்படுகின்றன. புல்வெளி மழைநீரை உறிஞ்சிச் சோலைக்குத் தருகிறது. சோலை அதைத் தேக்கி ஓடைகளாக வெளிவிடுகிறது. கோடையிலும் கொட்டகுடி ஆற்றின் தலைப்பகுதியில் நீர் கசிவதற்கு இவையே காரணம். அருகிலுள்ள பாம்பாடும் சோலை 2003 இல் கேரள அரசால் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. கேரளத்தின் தேசியப் பூங்காக்களுள் இதுவே மிகச் சிறியதாகும். 2006 இல் வட்டவடைப் பகுதியில் குறிஞ்சிமலைச் சரணாலயம் அறிவிக்கப்பட்டது.

நீலக்குறிஞ்சி இப்பகுதியின் சிறப்பான செடியாகும். இது பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை பூத்து, விதை விட்டு, மடிந்துவிடும். அடுத்த தலைமுறை அவ்விதைகளிலிருந்தே முளைக்கிறது. 1994, 2006, 2018 ஆகிய ஆண்டுகளில் இம்மலைகளில் குறிஞ்சி பெருமளவில் பூத்தது. இக்கணக்கின்படி அடுத்த பூப்பு 2030 இல் நிகழும். இடைப்பட்ட ஆண்டுகளில் நீலமாகக் காணப்படும் பூக்கள் பெரும்பாலும் வேறு வகைக் குறிஞ்சிகளாக இருக்கும். பூத்த செடியைப் பறிப்பது, விதை விழும் முன் அச்செடியின் பன்னிரண்டாண்டுக் காத்திருப்பை வீணாக்குவதாகும்.

யானை, காட்டெருமை, மான் வகைகள், நீலகிரி மந்தி ஆகியவையும் இம்மலைகளில் வாழ்கின்றன.

செல்லும் வழிகள்

சாலை வழி

போடிநாயக்கனூரிலிருந்து கொச்சி - தனுஷ்கோடி தேசிய நெடுஞ்சாலை மலையேறுகிறது. முன்பு 49 என எண்ணிடப்பட்டிருந்த இது இப்போது 85 ஆம் எண்ணைக் கொண்டுள்ளது. முந்தலைக் கடந்ததும் பதினேழு கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. வளைவுகளின் முடிவில் போடிமெட்டில் மாநில எல்லை வருகிறது. அதன் பின் ஏலத் தோட்டங்களின் நடுவே பூப்பாறை, தேவிகுளம் வழியாக மூணாற்றை அடையலாம். போடியிலிருந்து மூணாறு ஏறத்தாழ 68 கிலோமீட்டர் ஆகும். மூணாற்றிலிருந்து டாப் ஸ்டேஷன், வட்டவடை செல்லும் பேருந்துகளும் வாடகை வண்டிகளும் கிடைக்கின்றன.

நடை வழி

போடிநாயக்கனூரிலிருந்து 16 கிலோமீட்டர் தொலைவில் உள்ள குரங்கணி வரை சாலை உள்ளது. அங்கிருந்து சென்ட்ரல் ஸ்டேஷன் வழியாக டாப் ஸ்டேஷனுக்குப் பழைய நடைபாதை ஏறுகிறது. கம்பிவடத்துக்கு முன்பும் பின்பும் மக்கள் பயன்படுத்திய வழி இதுவே. வெளியூர்ப் பயணிகள் காட்டு வழிகளில் வனத்துறையின் இசைவின்றிச் செல்லக் கூடாது.

குரங்கணிக் காட்டுத்தீ, 2018

2018 மார்ச் 10 ஆம் நாள், சென்னையிலிருந்தும் ஈரோடு, திருப்பூர்ப் பகுதிகளிலிருந்தும் வந்த மலையேற்றக் குழுவினர் குரங்கணியிலிருந்து கொழுக்குமலைக்கு ஏறினர். மறுநாள் மார்ச் 11 அன்று அவர்கள் கீழே இறங்கிக் கொண்டிருந்தபோது மலைச்சரிவில் காட்டுத்தீ சூழ்ந்தது. குழுவில் முப்பதுக்கும் மேற்பட்டோர் இருந்தனர். உள்ளூர் மக்களே முதலில் மேலேறி, காயமடைந்தவர்களைத் தூக்கிக் கீழே கொண்டுவந்தனர். பின்னர் வனத்துறை, தீயணைப்புத் துறை ஆகியவற்றுடன் இந்திய வான்படையின் உலங்கு வானூர்திகளும் மீட்புப் பணியில் ஈடுபட்டன. சிலர் நிகழ்விடத்திலும், சிலர் மருத்துவமனைகளில் சிகிச்சை பலனின்றியும் என மொத்தம் 23 பேர் உயிரிழந்தனர்.

மார்ச் மாதத்தில் கிழக்குச் சரிவில் ஆள் உயரப் புல் முற்றிலும் காய்ந்திருக்கும். தீ பொதுவாகச் சமதரையைவிட மேட்டை நோக்கியே வேகமாகப் பரவுகிறது. கீழே எரியும் தீயின் வெப்பம் மேலெழுந்து, மேலுள்ள புல்லை முன்கூட்டியே உலர்த்திச் சூடாக்கி விடுவதே இதற்குக் காரணம். பள்ளத்தாக்குகளில் காற்று அடிக்கடி திசை மாறும். செங்குத்துச் சரிவில் ஓடித் தப்புவதும் கடினம். மேற்கே தேயிலைத் தோட்டத்தின் பசுமையில் நின்று பார்ப்பவருக்கு, சில நூறு மீட்டருக்கு அப்பால் மறுபுறச் சரிவு இவ்வளவு வறண்டிருக்கும் என்பது தோன்றாது.

இந்நிகழ்வுக்குப் பின் தமிழக அரசு விசாரணைக்கு ஆணையிட்டது. மலையேற்றத்தை ஒழுங்குபடுத்தும் விதிகளும் 2018 இலேயே வெளியிடப்பட்டன. 2024 அக்டோபரில் தமிழக வனத்துறை, வழிகாட்டிகளுடன் கூடிய மலையேற்றத் திட்டம் ஒன்றை 40 பாதைகளில் தொடங்கியது. குரங்கணி - சாம்பலாறு பாதை அவற்றுள் ஒன்றாகும். காட்டுத்தீக் காலத்தில் இத்தகைய பாதைகள் மூடப்படுகின்றன. 2025 இல் பிப்ரவரி நடுவிலிருந்து ஏப்ரல் நடு வரை மலையேற்றம் நிறுத்தி வைக்கப்பட்டது.

பார்க்கத்தக்கவை

மலை விளிம்புக் காட்சிமுனை: சாலையிலிருந்து கீழே நடந்து சென்று அடைய வேண்டிய இடம். திரும்பும்போது செங்குத்தாக ஏற வேண்டியிருக்கும். காலை நேரத்தில் பள்ளத்தாக்கு தெளிவாகத் தெரியும். நேரம் ஆக ஆகக் கீழிருந்து மூடுபனி ஏறி மறைத்துவிடுவது வழக்கம்.

பழைய நிலையங்களின் எச்சங்கள்: கம்பிவட நிலையத்தின் சிதைந்த பகுதிகளைக் காணலாம். மூணாற்றில் இரயில் நிலையமாக இருந்த கட்டடம் பின்னர் தேயிலை நிறுவனத்தின் அலுவலகமாக மாறியது.

குண்டளை, மாட்டுப்பட்டி நீர்த்தேக்கங்கள்: மூணாறு செல்லும் சாலையில் உள்ளன. அழிந்த இரயில் பாதை சென்ற பள்ளத்தாக்கு இதுவே.

வட்டவடை: டாப் ஸ்டேஷனுக்கு அப்பால் உள்ள வேளாண் சிற்றூர். படிக்கட்டு வயல்களில் பயிரிடப்படும் காய்கறிகளுக்கும் வெள்ளைப்பூண்டுக்கும் பெயர் பெற்றது.

பயணிகள் கவனத்திற்கு

- டாப் ஸ்டேஷனுக்கு வருவோரில் பலர் இதைக் கேரளத்தின் பகுதி என்றே எண்ணுகின்றனர். வாடகை வண்டியில் வருவோர், ஓட்டுநரிடம் இரு மாநிலங்களுக்கும் உரிய அனுமதி உள்ளதா எனக் கேட்டுக்கொள்வது நல்லது.
- பருவமழைக் காலத்தில் மூணாறு, தேவிகுளம் சாலைகளில் மண்சரிவு ஏற்படுவதுண்டு. புறப்படும் முன் சாலை நிலையை விசாரிக்க வேண்டும்.
- பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை கிழக்குச் சரிவில் தீ மூட்டுவதும் புகைபிடிப்பதும் பேரிடரை விளைவிக்கலாம். இக்காலத்தில் அச்சரிவில் இறங்குவதைத் தவிர்க்க வேண்டும்.
- விளிம்பில் தடுப்பு இல்லாத இடங்கள் உள்ளன. மூடுபனியில் தரை எங்கு முடிகிறது என்பது தெரியாது.
- காட்டு வழி நடைக்கு வனத்துறையின் இசைவும் உள்ளூர் வழிகாட்டியும் தேவை.
- நெகிழிப் பைகளையும் குப்பைகளையும் விளிம்பிலிருந்து கீழே எறியக் கூடாது. கீழே விழுபவை கொட்டகுடி ஆற்றின் நீர்ப்பிடிப்புப் பகுதியையே சென்று சேர்கின்றன.

இன்றைய நிலை

டாப் ஸ்டேஷன் இன்று மூணாறு வரும் பயணிகள் அரை நாளில் பார்த்துச் செல்லும் சுற்றுலா இடமாக உள்ளது. சாலையோரத்தில் தேநீர்க் கடைகளும் சிறு கடைகளும் உள்ளன. பயணிகள் மேற்கிலிருந்து வந்து மேற்கே திரும்புகின்றனர். ஊர் மக்களுக்கோ குடும்ப அட்டை, வாக்குரிமை, வருவாய்த்துறைப் பணிகள் ஆகிய அனைத்தும் கிழக்கே, மலைக்குக் கீழே உள்ளன. நூறு ஆண்டுகளுக்கு முன்பு தேயிலைப் பெட்டிகள் கம்பிவடத்தில் நேராக இறங்கிய அதே சரிவில், அவர்கள் இன்றும் நடந்தே இறங்குகின்றனர்.